பதினாலு நாள் இருட்டுக்கு எந்த மின்சாரம்? நிலவு முகாமுக்கு ஒரு கணக்கு

களியக்காவிளையில் இன்வெர்ட்டரும் சோலார் பேனலும் மாட்டிக் கொடுப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாறசாலைப் பக்கம், மீதிப் பேர் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம். எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் நான் முதலில் கேட்பது எத்தனை ஃபேன், எத்தனை லைட் என்று அல்ல. கரண்டு போனால் அதிகபட்சம் எவ்வளவு நேரம் வராது என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மீதி எல்லாம் பெருக்கல் கணக்கு.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கடை டிவியில் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்தோம். அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதித்தது ஆரல்வாய்மொழி தாண்டி இருக்கும் மகேந்திரகிரியில். இப்போது இஸ்ரோ தலைவராக இருக்கும் வி. நாராயணன் எங்கள் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். எங்களுக்கு அது வீட்டு விசேஷம் மாதிரி. பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, விக்ரம் லேண்டரைத் தூங்க வைத்தார்கள். செப்டம்பர் 22 வாக்கில் அங்கே மறுபடி விடிந்ததும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. ஒரு நிலவுப் பகலுக்கு மட்டும் வடிவமைத்த கலம், தன் வேலையை முடித்துவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் என் அக்கா மகனுக்கு மனசு ஆறவில்லை. "மாமா, அங்க ராத்திரி எத்தன மணிக்கூரு? ஒரு நல்ல பேட்டரி வெச்சு அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

354 மணிக்கூர் என்றேன். அவன் அதற்கு மேல் பேசவில்லை. எனக்குத்தான் அந்த எண் மனசில் உட்கார்ந்துவிட்டது. மனிதர் போய்த் தங்கப் போகும் இடம் அது. 2040-க்குள் நம் ஆள் ஒருவர் நிலவில் கால் வைக்க வேண்டும் என்று இந்தியாவே இலக்கு வைத்திருக்கிறது. தங்குவது என்று வந்தால், அந்த வீட்டுக்கு எதை மாட்டுவது? சோலாரும் பேட்டரியுமா, ஹைட்ரஜன் எரிமக் கலமா, அணு உலையா? சோலார் விற்றுச் சோறு தின்கிறவன் நான். அதனால் சோலார் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் கணக்கைத் தொடங்கினேன். முடிவு அந்தப் பக்கம் வரவில்லை.

முதலில் லோடு. நான்கைந்து பேர் தங்கும் முகாமுக்குக் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும், தண்ணீரைத் திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும், வீட்டைச் சூடாகவோ குளிராகவோ வைக்க வேண்டும், ரேடியோ, கணினி, வண்டிகளுக்குச் சார்ஜ் எல்லாம் வேண்டும். அமெரிக்காவின் நாசா 2022-இல் நிலவு அணு உலைக்கு மூன்று நிறுவனக் குழுக்களிடம் வடிவமைப்பு கேட்டபோது வைத்த அளவு 40 கிலோவாட். எடை 6 டன்னுக்குள் இருக்க வேண்டும், பத்து வருடம் ஓட வேண்டும். 2025 ஆகஸ்டில் அதே நாசா 100 கிலோவாட்டாவது வேண்டும், 2030-க்குள் ஏவத் தயாராக வேண்டும் என்று அளவை ஏற்றிவிட்டது. நான் பழைய 40-ஐயே எடுத்துக்கொள்கிறேன். சோலாருக்கு அதுதான் சாதகம்.

40 கிலோவாட் 354 மணி நேரம் ஓடினால் 14,160 யூனிட். என் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சராசரி 300 யூனிட் ஓடுகிறது. அந்தக் கணக்கில், முகாமின் ஒரே ஒரு ராத்திரி என் வீட்டின் ஏறத்தாழ எட்டு வருடத்துக் கரண்டு.

இதை எங்கே சேமிப்பது? கடையில் நான் விற்கும் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். எடை 55 கிலோ வரும். 14,160 யூனிட்டுக்கு 7,800-க்கு மேல் பேட்டரி வேண்டும். சரி, அதை யாரும் நிலவுக்குத் தூக்கிப் போகப் போவதில்லை. நல்ல லித்தியம் பேட்டரி என்றால் கிலோவுக்கு 200 வாட்-ஹவர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 70 டன். அதுவும் பேட்டரியைத் துடைத்து எடுத்த மாதிரி முழுசாகக் காலி செய்தால்தான். அப்படிக் காலி செய்யக் கூடாது என்று நான் தினமும் வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விக்ரம் லேண்டர், உள்ளே இருந்த ரோவர், எரிபொருள் எல்லாம் சேர்த்து 1,752 கிலோ. பேட்டரி மட்டுமே நாற்பது விக்ரம் எடை. இந்தப் பக்கம் 6 டன்னில் ஓர் உலை.

சர்வதேச விண்வெளி நிலையம் சோலாரில்தானே ஓடுகிறது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஓடுகிறதுதான். ஆனால் அது பூமியை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் ராத்திரி 35 நிமிடம் போல. எங்கள் ஊரில் மழைக்காலத்துச் சாதாரண பவர்கட்டைவிடக் குறைவு. அந்த வீட்டுக்குப் பேட்டரி போதும். அதைப் பார்த்துவிட்டு நிலவுக்கும் அதுவே போதும் என்று சொல்வது சரியில்லை.

நீண்ட இருட்டு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. ரப்பர் மரங்கள் விழுந்து லைன் எல்லாம் அறுந்தன, ஆயிரக்கணக்கில் போஸ்ட் சாய்ந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர எட்டு நாள். நான் மாட்டிக் கொடுத்த இன்வெர்ட்டர்கள் எல்லாம் முதல் ராத்திரியோடு முடிந்தன. சோலார் வைத்திருந்த ஏழெட்டு வீடுகளில் பகலில் மோட்டார் ஓடியது, ராத்திரி எண்ணி ஒரு லைட். அந்த எட்டு நாளும் ஆட்கள் கடைக்கு வந்து கேட்டது வாட்டேஜைப் பற்றி அல்ல, இன்னும் எத்தனை மணி நேரம் தாக்குப் பிடிக்கும் என்பதை. இதை நான் இன்னும் மறக்கவில்லை. எங்களுக்காவது மூச்சுக்காற்று சும்மா கிடைத்தது. குளிர் இல்லை. நிலவில் ராத்திரி மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே போகும். அங்கே கரண்டு நின்றால் ஃபேன் மட்டுமா நிற்கும்?

இதற்குச் சாட்சி நிலவிலேயே இருக்கிறது. 1969 ஜூலையில் அப்போலோ 11 வைத்துவிட்டு வந்த நிலநடுக்கக் கருவி சோலாரில் ஓடியது. சில வாரங்களில் அடங்கிவிட்டது. நான்கு மாதம் கழித்துப் போன அப்போலோ 12, புளூட்டோனியம்-238 வெப்பத்தில் ஓடும் எழுபது வாட் மின்கலம் ஒன்றைக் கொண்டுபோனது. எரிபொருள் கேப்சூலை அதன் கூட்டில் இருந்து விண்வெளி வீரர் அலன் பீன் இழுத்தபோது சிக்கிக்கொண்டது. கூடப் போன பீட் கான்ராட் சுத்தியலை எடுத்துக் கூட்டைத் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தது. இப்படி மாட்டிய சாதனம், 1977 செப்டம்பரில் பூமியில் இருந்து அணைக்கும் வரை, ஏறத்தாழ எட்டு வருடம், ராத்திரி பகல் பாராமல் கரண்டு கொடுத்தது. சோவியத்தின் லூனகோத் 1 வண்டியும் இப்படித்தான். மூடியில் சோலார் பேனல், உள்ளே சூட்டுக்குக் கதிரியக்கப் பொலோனியம். 1970 நவம்பரில் இறங்கிப் பத்து மாதம் போல உழைத்தது. சீனாவின் யூட்டு வண்டிகளிலும் கதிரியக்க ஹீட்டர் உண்டு. நம் சந்திரயான்-3-இன் உந்துவிசைக் கலத்திலேயே ஒரு வாட் அளவில் இரண்டு ஹீட்டர்களைச் சோதனைக்காக வைத்து அனுப்பியிருந்தார்கள். ஜப்பானின் ஸ்லிம் லேண்டர் மட்டும் விதிவிலக்கு. 2024 ஜனவரியில் மூக்குக் குத்திக் கவிழ்ந்தபடி இறங்கி, அந்த வசதி எதுவும் இல்லாமலே மூன்று ராத்திரி தாண்டியது. பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் ஆள் தங்கும் வீட்டுக்கு அந்த நம்பிக்கையில் கொட்டேஷன் போட முடியாது.

அப்படியானால் அந்தப் புளூட்டோனியம் மின்கலத்தையே நிறைய வைத்தால் என்ன? செவ்வாயில் ஓடும் வண்டிகளில் இருப்பது 110 வாட் கொடுக்கும். எடை 45 கிலோ, உள்ளே புளூட்டோனியம் ஆக்சைடு 4.8 கிலோ. 40 கிலோவாட்டுக்கு இப்படி 364 வேண்டும். ஆக்சைடு மட்டும் 1.7 டன்னுக்கு மேல். அமெரிக்கா ஆண்டுக்கு ஒன்றரை கிலோ தயாரிப்பதையே இலக்காக வைத்திருக்கிறது. ஆயிரம் வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே அது ஹீட்டருக்கும் சிறு கருவிக்கும் உள்ள சரக்கு. வீட்டுக்கு ஆகாது.

அடுத்து எரிமக் கலம். பகலில் சோலார் கரண்டால் தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டையும் சேர்த்துக் கரண்டாக எடுப்பது. எனக்கு மனசுக்குப் பிடித்த யோசனை இது. ஒரு கிலோ தண்ணீருக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட் திரும்பக் கிடைக்கும். 14,160 யூனிட்டுக்கு 7 டன் தண்ணீர். அட, உலை எடைக்கு வந்துவிட்டதே என்று தோன்றும். அங்கேதான் தொட்டி நிற்கிறது. அதில் ஹைட்ரஜன் முக்கால் டன்னுக்கு மேல். ஹைட்ரஜனை அடைத்து வைக்கும் அழுத்தக் கலன், தான் சுமக்கும் வாயுவைப் போலப் பத்து மடங்குக்கு மேல் எடை போடும். ஆக்சிஜனுக்குத் தனித் தொட்டி. அப்புறம் போட்டதில் பாதிதான் திரும்பும் என்பதால், பகலில் 40 கிலோவாட் ஓட்டிக்கொண்டே ராத்திரிக்காக இன்னொரு 80 கிலோவாட் பேனல் வேண்டும். எல்லாம் கூட்டினால் இருபது டன்னைத் தாண்டும். லித்தியத்தைவிட எவ்வளவோ மேல். நிலவுத் தண்ணீரையே எடுக்க முடிந்தால் இன்னும் மேல். அந்தத் தண்ணீரைத் தோண்டி எடுக்கக் கரண்டு வேண்டுமே என்ற கேள்வி மட்டும் மிச்சம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

காற்றாலையைப் பற்றி அக்கா மகனிடம் பேசவே வேண்டியிருக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று அடிப்பதால் முப்பந்தல். நிலவில் காற்றே இல்லை. நிலவைச் சுற்றும் கலத்தில் இருந்து கரண்டைக் கதிராக அனுப்புவது என்ற யோசனையும் உண்டு. இன்றைக்கு மாட்ட முடிகிற சரக்கு அல்ல அது.

சோலாரின் கையில் இருக்கும் பெரிய துருப்பு தென் துருவம். அதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நிலவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் துருவத்தில் சூரியன் உச்சிக்கு ஏறுவதும் இல்லை, ஆழமாக மறைவதும் இல்லை. அடிவானத்தை ஒட்டியே சுற்றி வரும். ஷாக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பைப் போன்ற சில உயர்ந்த இடங்களில் வருடத்தில் எண்பது, தொண்ணூறு சதவீத நேரம் வெயில் படும். அங்கே 354 மணி நேர ராத்திரி கிடையாது. சில நாள் நீளும் நிழல்தான். பேனலைத் தரையில் பரப்பாமல், பத்து மீட்டர் உயரக் கம்பத்தில் செங்குத்தாக நிறுத்தி, சூரியனோடு சுழல விடும் வடிவங்களுக்கு நாசா 2022-இல் ஒப்பந்தமும் கொடுத்தது. பேனல் நன்றாகவே விளையும். மேகம் இல்லை, மழை இல்லை, சதுர மீட்டருக்கு 1,361 வாட் வெயில். நிலநடுக்கோட்டில் 120 டிகிரி சூட்டில் பேனல் வாட்டேஜ் இழக்கும் தொல்லையும் துருவத்தில் குறைவு.

ஆனால் நிழல் என்றால் என்ன என்று சோலார் மாட்டுகிறவனிடம் கேளுங்கள். முன்பு ஒரு வீட்டில் எட்டுப் பேனல் மாட்டினேன். மாசத்துக்கு வர வேண்டிய யூனிட்டில் கால்வாசியைக் காணோம். மூன்று தடவை போய் வயரை எல்லாம் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பக்கத்துத் தோப்புத் தென்னையின் ஒற்றை ஓலை, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒரு பேனலின் மூலையில் விழுகிறது. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்று தடுமாறினால் வரிசை முழுவதும் தடுமாறும். பார்க்காமல் மாட்டியது என் தவறு. நிலவின் துருவத்தில் சூரியன் ஒன்றரை டிகிரியில் நிற்கும்போது ஒரு மீட்டர் உயரக் கல்லின் நிழல் 38 மீட்டர் நீளும். பக்கத்து நாடு தன் லேண்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதன் நிழல் நம் பேனலில் விழும். நல்ல வெயில் விழும் மேடுகள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1967 விண்வெளி உடன்படிக்கைப்படி நிலவில் எந்த நாடும் இடத்தைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. வெயிலும் அப்படித்தான். இங்கே தென்னை ஓலையை வெட்டச் சொல்லவே பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வாரம் பேச வேண்டியிருந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. துருவத்துக்கு எல்லோரும் போகத் துடிப்பதே தண்ணீர்ப் பனிக்கட்டிக்காக. அது வெயில் மேட்டில் இல்லை. ஷாக்கிள்டன் 21 கிலோமீட்டர் அகலம், 4 கிலோமீட்டர் ஆழம். வெயிலே படாத அப்படிப்பட்ட பள்ளங்களில்தான் பனிக்கட்டிக்கு இடம். சில இடங்களில் குளிர் மைனஸ் 240 டிகிரிக்கும் கீழே போவதாக அளந்திருக்கிறார்கள். மண்ணைத் தோண்டி, சூடாக்கி, ஆவியைப் பிடித்து, தண்ணீராக்கிப் பிரிக்கும் வேலை அந்த இருட்டுக்குள் நடக்க வேண்டும். முகாம் வளர வளர லோடு ஏறுவது அங்கேதான். மேட்டில் இருந்து கேபிள் இழுக்கலாம். ஆனால் 4 கிலோமீட்டர் சரிவில் இழுத்த கேபிளை யார் போய்ப் பார்ப்பது? உலை என்றால் பள்ளத்தின் பக்கத்திலேயே நிறுத்தலாம். அது வெயிலைத் தேடாது. முகாம் எங்கே வேண்டும் என்பதை வேலை தீர்மானிக்கும், கரண்டு தீர்மானிக்காது. அணு மின்சாரத்தின் பக்கம் என்னைத் தள்ளிய இரண்டு காரணங்களில் இது ஒன்று. முதல் காரணம் 354.

இனி உலை. கூடங்குளத்தை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. அங்கே ஓர் உலை 1,000 மெகாவாட். நாம் பேசுவது அதில் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு சிறு உலையைச் சோதித்தார்கள். ஏறத்தாழ முப்பது கிலோ யுரேனியக் கலவையில் ஆன உருளை, வெப்பத்தைச் சோடியம் குழாய்கள் வழியாக ஸ்டர்லிங் எஞ்சின்களுக்கு (சூட்டை அசைவாக மாற்றும் எஞ்சின்) கொடுத்தது. முழு ஓட்டம் 28 மணி நேரம். வேண்டுமென்றே சில பாகங்கள் பழுதான மாதிரி செய்து பார்த்தார்கள். உலை தானாகவே வெப்பத்தைக் குறைத்துச் சமாளித்தது. சூடு ஏறினால் அணுப்பிளவு தளரும் இயல்பு அந்த வடிவத்திலேயே இருக்கிறது. கணக்குப் போட்டால் இன்னொன்றும் தெரியும். 40 கிலோவாட் உலை பத்து வருடம் இடைவிடாமல் ஓடினாலும் அதில் உண்மையில் பிளவுபடும் யுரேனியம் ஒரு கிலோவுக்கும் குறைவு.

எங்கள் பக்கத்தில் இதைப் பேசினால் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியத்தைப் போடலாமே என்பார்கள். தோரியம் தானாகப் பிளவுபடாது. முதலில் அதை யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். முதல் நிலவு உலைக்கு அந்தச் சுற்று வேண்டாம்.

உலையின் குறைகள் சின்னவை அல்ல. முதலாவது, மிச்சச் சூடு. கூடங்குளத்துக்குக் கடல் இருக்கிறது. நிலவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை, சூடு கதிராக வெளியேற வேண்டும். 40 கிலோவாட் கரண்டு எடுக்க 160 கிலோவாட் வெப்பம் உண்டாக்கினால் 120-ஐ வெளியே தள்ள வேண்டும். 127 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் தகடு 1,300 வாட் போலத்தான் தள்ளும். ஆயிரம் சதுர அடி ரேடியேட்டர். ஒரு நடுத்தர வீட்டு மொட்டை மாடி அளவு. அது தூசி படியாமல் இருக்க வேண்டும். நிலவுத் தூசி கண்ணாடித் தூள் போலக் கூர்மையானது, மின்னூட்டத்தால் ஒட்டிக்கொள்ளும். பேனலுக்கும் இதே தொல்லைதான், இதில் யாருக்கும் வெற்றி இல்லை.

இரண்டாவது, கதிர்வீச்சு. உலையை முகாமில் இருந்து ஒரு கிலோமீட்டர் போலத் தள்ளி நிறுத்தி, நிலவு மண்ணைக் கரையாகக் குவித்தால் அளவு வெகுவாகக் குறையும். தூரம் இரட்டித்தால் கதிர்வீச்சு கால்வாசி. ஏவும்போது வெடித்தால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. ஓட்டத் தொடங்காத யுரேனியத்தில் கதிரியக்கம் மிகக் குறைவு. ஓடிய பிறகு உண்டாகும் பிளவுப் பொருள்கள்தான் ஆபத்து. 1978 ஜனவரியில் கனடாவின் வடக்கே விழுந்த சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் அப்படி ஓடிக்கொண்டிருந்த உலையோடு விழுந்தது, அதனால்தான் பனியில் துண்டுகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. போக வேண்டிய இடத்துக்குப் போகும் முன் உலையைத் தொடங்கக் கூடாது என்பது 1992-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகளிலேயே இருக்கிறது. நிலவில் இறக்கி நிறுத்திய பிறகுதான் ஸ்விட்ச் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாவதை என் சித்தி மகள் கேட்டாள். இடிந்தகரையில் வாழ்க்கைப்பட்டவள். கூடங்குளம் உலைக்கு எதிரான போராட்டப் பந்தலில் 2011-இலும் 2012-இலும் உட்கார்ந்தவள். நான் எழுதி வைத்திருந்த கணக்கை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏதாவது ஆச்சுன்னா எங்க ஓடுறதுன்னுதான் அண்ணே நாங்க கேட்டோம். அங்க இருக்கவங்க எங்க ஓடுவாங்க?" என்றாள்.

இந்தக் கேள்வி என்னை நான்கைந்து நாள் படுத்தியது. நிலவில் உலைக்குப் பக்கத்தில் மீன்பிடிக் கடலும் இல்லை, அடுத்த தெருவும் இல்லை. ஆனால் இருக்கிற நான்கு பேருக்கு ஓட இடமும் இல்லை. உலை கசிந்தாலும் இல்லை, உலை நின்றாலும் இல்லை. யோசித்தால், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் உலை கசிவதைவிட, அது பேசாமல் நின்றுவிடுவதுதான் அவர்களை முதலில் கொல்லும். இதற்கும் முன்கதை உண்டு. அமெரிக்கா இதுவரை விண்வெளியில் ஓட்டிய ஒரே உலை ஸ்னாப்-10ஏ. 1965 ஏப்ரலில் ஏவினார்கள். 500 வாட் போலக் கொடுத்தது. 43 நாளில் நின்றது. உலை கெடவில்லை. கலத்தில் இருந்த வோல்டேஜ் ரெகுலேட்டர் கெட்டது. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடைக்கு வரும் பத்து இன்வெர்ட்டரில் ஏழில் பேட்டரி நன்றாக இருக்கும், உள்ளே ஒரு சின்ன போர்டு போயிருக்கும்.

சோலார் கெடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தனித்தனியாக இணைத்த இருபது பேனலில் இரண்டு போனால் பதினெட்டு மிச்சம். ஓர் ஆள் போய்த் துடைக்கலாம், மாற்றலாம். உலை கெடும்போது மொத்தமாக நிற்கும், ஓடிய பிறகு பக்கத்தில் ஆள் போகவும் முடியாது. உலைக்கு எதிராக நான் கேட்டதில் மிகப் பலமான வாதம் இதுதான், கதிர்வீச்சு அல்ல. இதற்கு ஒரே பதில், 40 கிலோவாட்டில் ஒன்று வைக்காமல் 20 கிலோவாட்டில் இரண்டு வைப்பது. கன்ட்ரோல் போர்டும் கேபிளும் தனித்தனிப் பாதையில். எடை கூடும். 6 டன் எட்டாகவோ ஒன்பதாகவோ ஆகட்டும். 70 டன்னுக்கும் இருபது டன்னுக்கும் முன்னால் அது பெரிதல்ல.

ஆக, என் கொட்டேஷன் இப்படி இருக்கும். ஆள் ஒரு பகலுக்கு மட்டும் போய்த் திரும்பும் பயணங்களுக்குச் சோலாரும் லித்தியமும் போதும், உலையைக் கொண்டுபோய்ச் சுமக்க வேண்டாம். ராத்திரியில் ஆளில்லாமல் கிடக்கும் கருவிகளுக்குக் கதிரியக்க ஹீட்டர். முதல் மனிதர் முதல் ராத்திரி தங்குவதற்கு முன் இரண்டு சிறு உலைகள், குறைந்தது ஒரு முழு நிலவு இரவு ஆளில்லாமல் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். அவற்றோடு கூடவே பேனலும், உயிர் காக்கும் லோடு மட்டும் ஓடும் அளவுக்குப் பேட்டரியும். சித்தி மகளின் கேள்விக்காகச் சேர்த்தது இது. உயிர் காக்கும் லோடு 10 கிலோவாட் என்று வைத்தால் 6 டன் லித்தியம் 120 மணி நேரம் தாங்கும். இரண்டு உலையும் ஒருசேர நின்றாலும் ஐந்து நாள். அதற்குள் பழுது பார்க்க வேண்டும், அல்லது ஏறிக் கிளம்ப வேண்டும். ஏறிக் கிளம்பும் கலம் எப்போதும் எரிபொருளோடு நிற்க வேண்டும் என்பதையும் கொட்டேஷனில் எழுதுவேன்.

பத்து வருடம் ஓடி முடிந்த உலை அங்கேயே கிடக்கும். அதை எங்கே புதைப்பது, எந்த நாடு அதற்குப் பொறுப்பு என்பது ஏவும் முன்பே எழுத்தில் வர வேண்டும். ரஷ்யாவும் சீனாவும் 2030-களின் நடுவில் சேர்ந்து ஓர் உலை வைக்கும் திட்டத்தில் இருக்கின்றன, அமெரிக்கா அதற்கு முன்பே வைக்கப் பார்க்கிறது. யார் முந்துவது என்ற அவசரத்தில் இந்தத் தாள் கையெழுத்தாகாமல் போய்விடுமோ என்றுதான் எனக்குக் கவலை.

இந்த முடிவை நான் மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. அந்த 6 டன் லித்தியம் முழு 40 கிலோவாட்டில் 30 மணி நேரம் ஓட்டும். தென் துருவத்தில், வருடத்தின் எந்த நாளிலும் தொடர்ந்து 30 மணி நேரத்துக்கு மேல் நிழல் விழாத மேடு ஒன்றை யாராவது அளந்து காட்டி, அங்கே முகாமும் பனிக்கட்டி வேலையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் என்றும் காட்டினால், உலையை அடித்துவிட்டுப் பேனல் என்று எழுதுவேன்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "அப்போ மொதல்ல நெழலை அளக்கணும் மாமா" என்றான்.

ஆமாம் என்றேன். ஒரு முழு வருடம், பத்து மீட்டர் உயரத்தில் நின்று.